டிம்பிள்ஸ்டன் வளையம்

"யாரோ என் டிரெய்லரை ரிப்பேர் பண்றாங்க!"

ஆர்விட் டோலஃப்சன் கத்திக்கொண்டே ஓடிவந்தபோது நான் எங்கள் டிரெய்லரின் கூரைமேல் குப்புறப் படுத்து, விரிசல் விட்ட ஓரத்துக்கு ரப்பர் பசை தடவிக்கொண்டிருந்தேன். கீழே நிழலில் ஒபீலியா மேடம் சுட்ட பச்சை மிளகாய்க்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார்.

"திருடறாங்கன்னு சொல்ல வந்து வாய் குளறிடுச்சா?" என்றேன் மேலிருந்து.

"திருடினா நான் ஏன் இங்க வரேன்? ரிப்பேர்ய்யா, ரிப்பேர்! முதல்ல கூரை. வருஷக்கணக்கா ஒழுகிட்டிருந்த கூரை, போன வாரம் ஏறிப் பார்த்தா புதுப் பசை தடவியிருக்கு. அப்புறம் சக்கர பேரிங்குக்கு கிரீஸ். அப்புறம் பிரேக் ஒயர். நேத்து நான் விளையாடிட்டு வந்து பார்க்கறேன், எல்லா டயரும் புதுசு!"

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"சொன்னேன். போனை எடுத்த பொண்ணு, அந்த ஆளைப் பிடிச்சா எங்க வீட்டுக்கும் அனுப்பி வைங்கன்னு சொல்லிட்டு வச்சிட்டா."

மேடம் மிளகாயைக் கீழே வைத்தார். ஒபீலியா குய்ரோஸ் ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகத் துப்பறிந்தவர். தானே கொளுத்திய வீட்டுக்கு அழுதுகொண்டே பணம் கேட்டு வருபவர்களின் கண்ணீரைப் பார்த்தே உப்புக் கணக்குச் சொல்வார். ஓய்வு பெற்று, சக்கரம் வைத்த வீடு மாதிரி முட்டை வடிவ டிரெய்லர் ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார். அதை டிரக்கில் மாட்டி இழுப்பது, நிறுத்தும் இடத்தில் கட்டை வைத்துச் சமப்படுத்துவது, கழிவுத் தொட்டியைக் காலி செய்வது எல்லாம் உதவியாளனான என் வேலை. துப்பறியும் உலகில் வேறெந்த உதவியாளனுக்கும் அந்தக் கடைசி வேலை கிடையாது என்பது என் கணிப்பு.

"கூரை ஒழுகுச்சுன்னு சொன்னீங்களே, எப்படித் தெரியும்?" என்றேன். கேட்க எனக்குத் தகுதி உண்டு. இந்தப் பாலைவன ஊரான யூமாவின் வானொலியில் பல வருஷம் வானிலை வாசித்தவன் நான். 'இன்றும் வெயில்' என்று சொல்ல ஒரு ஆள் எதற்கு என்று ஒருநாள் நிலையத்தாருக்கே தோன்றிவிட்டது. "இந்த ஊர்ல மழை பெஞ்சா அன்னிக்கு ஸ்கூலுக்கு லீவு விடுவாங்க."

"அது... ஏசித் தண்ணி" என்றார் ஆர்விட்.

மேடத்தின் புருவம் லேசாக ஏறி இறங்கியது. "நல்லதைத்தானே செய்யறாங்க. உங்களுக்கு என்ன பயம்?"

"இன்னிக்கு நட்டை முறுக்கறவன் நாளைக்குக் கழட்ட மாட்டான்னு என்ன நிச்சயம்? சனிக்கிழமைக்குள்ள அவனைப் பிடிச்சே ஆகணும் மேடம். என் பொண்டாட்டி பெக்கான் கொட்டை போட்டுச் சுடற இனிப்பு, பெக்கான் பார், ஒரு தட்டு நிறைய தரேன்."

"ரெண்டு தட்டு" என்றேன். கேஸ் எடுத்துக்கொள்ளப்பட்டது.

டிரெய்லர்களை நிறுத்திக் குடியிருக்க இடம் தரும் காக்டஸ் குவீன் என்ற எங்கள் பூங்காவில் குளிர்காலம் முழுக்க வடக்கத்தி ஆட்கள்தான். வீட்டு வாசலில் பனி விழத் தொடங்கியதும் டிரெய்லரை மாட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுவார்கள். ஏப்ரலில் வெயில் ஏறியதும் திரும்பிப் போவார்கள். டோலஃப்சன் தம்பதி மட்டும் ஆறு வருஷமாகத் திரும்பவே இல்லை. கோடையில் சாலையில் முட்டை உடைத்து ஊற்றினால் பொரியும் இந்த ஊரில், மற்றவர்கள் எல்லாம் போனபின் இவர்கள் இருவரும் பல்லிகளும்தான்.

இத்தனைக்கும் டிரெய்லர் இழுப்பதில் ஆர்விட்டை மிஞ்ச ஆளில்லை. அதாவது, அவர் அப்படித்தான் சொல்வார். வடக்கே ஃபார்கோ ஊரில் ஷூ கடை வைத்திருந்தவர். முதல் வருஷம் மனைவியை விமானத்தில் வரச் சொல்லிவிட்டு, கொட்டும் பனியில், கொலராடோ மலைகளைத் தாண்டி, தான் ஒருவராக டிரெய்லரை இழுத்து வந்த கதையை தினமும் சாயங்காலம் எல்லோரும் கூடி உட்காரும் நெருப்பு வட்டத்தில் சொல்வார். கதை முடிந்ததும் பாடம். பின்பக்கம் பாரம் ஏற்றினால் டிரெய்லர் வாலாட்டும். டயருக்கு முகத்தைப் பார்க்காதே, வயசைப் பார். எலி வராமலிருக்க அலமாரியில் புதினா எண்ணெய் நனைத்த பஞ்சு வை. கேட்டுக் கேட்டு என் கனவில்கூட டயர் வரும்.

நாங்கள் போனபோது அவருடைய மனைவி மார்லிஸ் அடுப்பிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டிருந்தார். உயரமான, தோள் அகன்ற பெண்மணி. டிரெய்லருக்குள் நுழைந்ததும் புதினா வாசனை மூக்கில் ஏறியது.

"பஞ்சு நீங்க வச்சதா?" என்று கேட்டார் மேடம்.

"நான் வைக்கல. வந்தவங்க வச்சிட்டுப் போயிருக்காங்க" என்றார் மார்லிஸ். "நல்ல மனுஷங்க. கதவு கிறீச்சுனு சத்தம் போடும், அதையும் சரி பண்ணிட்டாங்க."

நான் குளிர்பதனப் பெட்டியைப் பார்த்தேன். கதவில் இரண்டு காகிதங்களைக் காந்தம் பிடித்துக்கொண்டிருந்தது. ஒன்று பழைய புகைப்படம். பீட் கிழங்கு மலையாகக் குவிந்த ஒரு ராட்சத லாரியின் படியில், தொப்பி போட்ட ஒரு இளவட்டம் இடுப்பில் கைவைத்து நின்றது.

"உங்க தம்பியா?" என்றேன்.

"இல்ல" என்று சொல்லி என் கையில் ஒரு பெக்கான் பாரைத் திணித்தார் மார்லிஸ். அதற்குமேல் எனக்குக் கேள்வி எதுவும் தோன்றவில்லை.

மேடம் பார்த்தது இரண்டாவது காகிதத்தை. "பஸ் டிக்கெட். சனிக்கிழமை. ஃபார்கோவுக்கு. ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

"திரும்பி வர?"

"வாங்கல." மார்லிஸ் தட்டைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "எங்க ஊர் சர்ச்சுல லெஃப்ஸா போட்டி நடக்குது. உருளைக்கிழங்கு ரொட்டி. என்னை நடுவரா கூப்பிட்டிருக்காங்க. ஆறு வருஷமா ஒவ்வொரு வசந்தத்துலயும் ஆர்விட் கிளம்பலாம்னு சொல்லுவான். அப்புறம் டயர்ம்பான், பேரிங்ம்பான், கூரைம்பான். இந்தத் தடவை முடிவா சொல்லிட்டேன். சனிக்கிழமை இந்த வண்டி நகர்ந்தா சேர்ந்து போறோம். நகரலைன்னா நான் மட்டும் போறேன். போனா போனதுதான்."

அவர் குரல் உயரவேயில்லை. ஆர்விட் வாசலில் நின்று தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷூ கடைக்காரர் ஷூவை அவ்வளவு நேரம் பார்த்தால் மனசு எங்கேயோ கிடக்கிறது என்று அர்த்தம்.

வெளியே வந்ததும் மேடம் டிரெய்லரை ஒரு சுற்று சுற்றினார். புது டயர்களைச் சுற்றிப் பூச்செடி வேரோடு பெயர்த்துத் திரும்ப நடப்பட்டிருந்தது. அந்த அளவுக்கு மரியாதையான குற்றவாளி. பிறகு ஆர்விட்டின் டிரக்குக்குப் பின்னால் போய்க் குனிந்தார். டிரெய்லரை மாட்டும் இரும்புக் குண்டுக்கு, இங்கே எல்லோரும் செய்வதுபோல, ஒரு டென்னிஸ் பந்தைக் கீறித் தொப்பியாகப் போட்டிருந்தது. வெயிலில் பந்து வெளுத்து, வறண்டு, குண்டோடு ஒட்டிப்போயிருந்தது. மேடம் அதை விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"டுவேன், என்ன தோணுது?"

"பெக்கான் பார்ல உப்பு ஒரு சிட்டிகை கம்மி."

"இந்தப் பூங்காவுல யார் வீட்டு நாய் எப்ப தும்மிச்சுன்னுகூட எல்லாருக்கும் தெரியும். பட்டப்பகல்ல நாலு டயர் மாத்தியிருக்காங்க. ஒருத்தர்கூட பாக்கலைங்கறாங்க. எப்படி?"

"எல்லாருக்கும் ஒரே நேரத்துல கண்புரையா?"

"இன்னொண்ணு. ஆர்விட் வட்டத்துல என்ன கோளாறுன்னு சொல்றாரோ, அதே வரிசையில ரிப்பேர் நடக்குது. கூரைன்னார், கூரை. பேரிங்ன்னார், பேரிங்." அவர் திரும்பி ஆர்விட்டைக் கைகாட்டி அழைத்தார். "ஆர்விட், இன்னிக்கு சாயங்காலம் வட்டத்துல ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க. எல்லாம் சரியாயிடுச்சு, ஆனா டிம்பிள்ஸ்டன் வளையம் உடைஞ்சிருக்கு, அது இல்லாம வண்டி நகராதுன்னு."

ஆர்விட்டின் முகம் மலர்ந்தது. "நானே சொல்லணும்னு இருந்தேன் மேடம். கொஞ்ச நாளாவே அதுல எனக்கு ஒரு சந்தேகம்."

"அது போச்சுன்னா கஷ்டம்தான்" என்று நானும் தலையாட்டினேன்.

எங்கள் டிரெய்லருக்குத் திரும்பும் வழியில் மெதுவாகக் கேட்டேன். "மேடம், நம்ம டிம்பிள்ஸ்டன் வளையம் நல்லாத்தானே இருக்கு? போன மாசம்தான் துடைச்ச ஞாபகம்."

மேடம் நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயுமா? டிம்பிள்ஸ்டன் எங்க ஸ்கூல் கணக்கு வாத்தியார். அந்தப் பேர்ல ஒரு வளையம் இந்த உலகத்துலயே கிடையாது."

முகத்தில் அசடு வழிய நடந்தேன். "அப்ப அதை ஆர்விட் கிட்டயும் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நடிச்சிருப்பார்" என்றார். இன்னும் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். மேடம் இப்படி நிறுத்தினால் மிச்சம் எனக்குக் கடைசியில்தான் கிடைக்கும்.

சாயங்காலம் வட்டம் கூடியது. மடக்கு நாற்காலிகள், ஆளுக்கொரு குவளை, நடுவில் நெருப்பு. ஆர்விட் மலை தாண்டிய கதையைச் சொன்னார். அன்றைக்குப் பனி போன வாரத்தைவிட ஒரு அடி கூடுதலாகப் பெய்தது. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, டிம்பிள்ஸ்டன் வளையம் உடைந்த செய்தியைச் சாவுச் செய்தி சொல்வதுபோல் சொன்னார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டிரெய்லர்காரன் பொண்டாட்டியின் பிறந்தநாள் தெரியாது என்று நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்வான். ஒரு உதிரிபாகத்தின் பேர் தெரியாது என்று மட்டும் செத்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டான்.

"அடடா!" என்றார் கஸ் பெல்டியர், நாக்கைச் சப்புக்கொட்டி. கனடாவின் சாஸ்கட்ச்வானில் கோதுமைக் கிடங்கு பார்த்துக்கொண்டவர், யானை பலம். "டிம்பிள்ஸ்டனா! பழைய மாடல்ல எல்லாம் அதுதானே முதல்ல போகும்."

"என் மச்சானுக்கும் அதே பிரச்சனைதான்" என்றார் பாஸ்டர் நைக்விஸ்ட். ஓய்வு பெற்ற போதகர். பொய் சொல்வதற்கு முன் வானத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நெப்ராஸ்கா பக்கம் நடு ரோட்டுல நின்னுட்டான் பாவம்."

எப்போதும் மடியில் நூல்கண்டோடு குரோஷா பின்னிக்கொண்டிருக்கும் அயோவாக்காரி டாட்டி வோஸ்பர்க் ஊசியை நிறுத்தினார். "இடது பக்கத்துதா, வலது பக்கத்துதா?"

"ரெண்டும்" என்றார் ஆர்விட்.

நான் சிரிப்பை அடக்கக் குவளைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். மேடம் வேறு யாரையும் பார்க்கவில்லை. ஆர்விட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் வழக்கம்போல ஆர்விட், தரையில் வட்டு தள்ளும் ஷஃபிள்போர்டு ஆடப் போனார். மார்லிஸ் நீச்சல் குளத்துக்குப் போனார். "ஒளிஞ்சிருந்து பாக்கலாமா?" என்றேன்.

"இந்த வெயில்ல எவன் ஒளிவான்? தூங்கு."

ஆட்டம் முடியும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய்ப் பார்த்தோம். உலகத்திலேயே இல்லாத டிம்பிள்ஸ்டன் வளையம் மாட்டப்பட்டிருந்தது. ஒன்றல்ல, மூன்று.

முதலாவது டிரெய்லரின் மூக்குப் பக்கம், கேஸ் குழாயைச் சுற்றி இருந்தது. காபி டப்பாவை வெட்டி, ஓரம் தேய்த்து, போல்ட் போட்டுக் கோதுமைக் கிடங்கே வந்தாலும் தாங்குகிற மாதிரி முறுக்கியிருந்தது. இரண்டாவது பின்பக்கச் சக்கரத்துக்கு மேலே. தோட்டக் குழாயை வட்டமாக வளைத்து, சர்ச் மெழுகுவர்த்தியின் மெழுகால் ஒட்டியிருந்தது. மூன்றாவது கதவுக் கைப்பிடியில். ஆரஞ்சு நிற நூலில் அழகாகப் பின்னப்பட்டு, கீழே ஒரு குஞ்சத்தோடு தொங்கியது.

"மேடம்" என்றேன். "இந்த மூணுல எது அசல்?"

மேடம் கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரோடு இத்தனை காலம் இருந்ததில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போய் எல்லாரையும் கூட்டிட்டு வா. கஸ்ஸை கட்டாயம் கூட்டிட்டு வா" என்றார்.

கூட்டம் கூடியது. ஆர்விட் நடுவில் நின்றார். மேடம் மூன்று வளையங்களையும் காட்டினார்.

"ஒரு ஆள் ரிப்பேர் பண்ணியிருந்தா ஒரு வளையம்தான் இருக்கும். மூணு இருக்கு. காபி டப்பா கஸ்ஸோடது. மெழுகு பாஸ்டரோடது. குஞ்சத்தைப் பத்தி நான் சொல்லவே வேண்டாம்."

டாட்டி குஞ்சத்தைப் பெருமையோடு பார்த்தார். "குளிர்ல விறைக்காம இருக்கட்டும்னு கம்பளி நூல்ல போட்டேன்."

"அப்ப டயர்?" என்று அலறினார் ஆர்விட்.

"எல்லாரும் சேர்ந்துதான்" என்றார் கஸ், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தபடி. "எங்கள்ல ஒருத்தர் உன்கூட ஷஃபிள்போர்டு ஆடுவார், மத்தவங்க வேலை பார்ப்போம். நீ ஜெயிச்சதெல்லாம் நாங்க விட்டுக்கொடுத்ததுய்யா."

"ஏன்? நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

எல்லோரும் பாஸ்டரைப் பார்த்தார்கள். கடைசியில் பாஸ்டர் வானத்தைப் பார்த்தார், ஆனால் இந்த முறை உண்மையைச் சொன்னார். "மார்லிஸ் கோடையில படற கஷ்டத்தைக் கேட்டுத் தாங்க முடியல. அது பாதிக் காரணம். மீதி... ஆறு குளிர்காலமா அந்த மலையை நாங்களும் உன்கூடத் தாண்டிட்டு இருக்கோம் ஆர்விட். கால் வலிக்குது. வண்டி ஓடினா, அடுத்த வருஷம் டெக்ஸஸ் பக்கம் போய்ப் பார்ப்பியேன்னு ஒரு ஆசை."

"ஆனா எல்லாம் நீ சொல்லிக்கொடுத்தபடியேதான் பண்ணோம்" என்று அவசரமாகச் சேர்த்தார் டாட்டி. "கிரீஸ் மறுபக்கம் பிதுங்கற வரைக்கும் அடைச்சோம். புதினாப் பஞ்சுகூட."

ஆர்விட் எல்லோரையும் நோக்கி விரலை நீட்டினார். "சதி! மேடம், குற்றவாளிங்க எல்லாரும் கையும் களவுமா மாட்டிட்டாங்க. கேஸ் முடிஞ்சுது!"

"முடியல" என்றார் மேடம். "இன்னும் ஒருத்தர் பாக்கி. இல்லாத வளையத்தை மாட்டினவங்க மூணு பேர். இல்லாத வளையம் உடைஞ்சு போச்சுன்னு சந்தேகப்பட்டவர் ஒருத்தர்."

அவர் நேராக டிரக்குக்குப் பின்னால் போய், வறண்ட டென்னிஸ் பந்தைப் பிய்த்து எடுத்தார். பந்து தூளாக உதிர்ந்தது. உள்ளே இருந்த இரும்புக் குண்டு வெயிலில் பளபளத்தது. கடையில் வாங்கிய அன்றைய மெருகு. ஒரு கீறல் இல்லை, ஒரு பொட்டு கிரீஸ் இல்லை.

"நான் சுத்தமா வச்சுக்கற ஆளு" என்றார் ஆர்விட், ஈனஸ்வரத்தில்.

"கஸ், இதை உருவுங்க."

கஸ் அதைப் பிடித்திருந்த ஆணியை இழுத்து, குண்டை அதன் தாங்கியோடு உருவினார். டிரெய்லரின் மூக்கு முனையில் ஒரு இரும்புக் கிண்ணம் கவிழ்ந்திருக்கும். குண்டு அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்து பூட்டிக்கொள்ள வேண்டும். மேடம் சொன்னபடி கஸ் கீழிருந்து குண்டைக் கிண்ணத்துக்குள் வைத்து, பூட்டை இறுக்கி, கையை எடுத்தார்.

குண்டு தொப்பென்று மண்ணில் விழுந்தது.

பெரிய பானைக்குச் சின்ன மூடி போட்ட கதை. கஸ் மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை யாரும் வைக்கச் சொல்லவில்லை.

"இந்த டிரக் இந்த டிரெய்லரை ஒரு அடிகூட இழுத்ததில்ல" என்றார் மேடம். இதைச் சொல்லும்போது அவர் குரலில் வெற்றி இல்லை. "இழுக்கவும் முடியாது."

ஆர்விட் தன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பேயறைந்த முகம். எனக்குக் கேலி செய்ய நாலைந்து வார்த்தைகள் நாக்கு நுனியில் இருந்தன, விழுங்கிக்கொண்டேன். பாவமாக இருந்தது.

"இங்கயே வாங்கினேன்" என்றார் அவர். "நின்ன இடத்துலயே. விக்கறவர் சாவியைக் கொடுத்துட்டுப் போயிட்டார். அதுக்கு முன்னால ஃபார்கோவுல வாடகைக்கு ஒண்ணு எடுத்து கடை வாசல்ல ஓட்டிப் பழகிப் பார்த்தேன். பின்னால எடுக்கறப்ப டிரக்கும் டிரெய்லரும் கத்திரி மாதிரி மடங்கிப்போச்சு. ஊரே கூடி நின்னு பார்த்துச்சு. அப்புறம் டிரெய்லர் மாட்டின வண்டியை நான் தொட்டதே இல்ல. மார்லிஸ் வந்து இறங்கினா, எப்படிக் கொண்டுவந்தேன்னு கேட்டா. இழுத்துட்டு வந்தேன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அப்புறம் எல்லாரும் மலை எப்படி இருந்துச்சுன்னு கேட்டாங்க. பனியைச் சேர்த்தேன். நிறுத்த முடியல." அவர் கையால் முகத்தை மூடிக்கொண்டார். "புத்தகம் படிச்சுப் படிச்சு எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேன். இழுக்க மட்டும் தெரியாது. எனக்கு டிரெய்லர் இழுக்கத் தெரியாது."

கதவு திறந்தது. சத்தமில்லாமல் திறந்தது, கீல்தான் சரியாகிவிட்டதே. மார்லிஸ் தலையில் துண்டோடு, கையில் ஒரு பழைய சாக்ஸோடு நின்றார். பின்பக்கமாக எப்போது வந்தார் என்று தெரியவில்லை. சாக்ஸை உதறினார். பெரிய இரும்புக் குண்டு ஒன்று உருண்டு ஆர்விட்டின் காலடியில் நின்றது. கிண்ணத்துக்குச் சரியான அளவு என்பது பார்த்தாலே தெரிந்தது.

"உருளைக்கிழங்கு டிராயர்ல ஆறு வருஷமா கிடக்குது" என்றார்.

"மார்லிஸ்... உனக்குத் தெரியுமா?"

"ஏன்யா, பதினெட்டு சீசன் பீட் லாரி ஓட்டினவ நான். சேத்துல, ராத்திரில, பின்பக்கமா. வந்து இறங்கின அன்னிக்கே அந்தக் குண்டைப் பார்த்துட்டுத்தான் இதை வாங்கி வச்சேன். எனக்குத் தெரியாதா?"

நான் குளிர்பதனப் பெட்டியில் இருந்த புகைப்படத்தை நினைத்துக்கொண்டேன். தம்பியாம்! என் மூளையை வைத்து வானிலைகூடச் சொல்ல முடியாது என்பது அப்போது உறுதியானது.

"அப்ப ஏன்மா ஒண்ணும் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன். ஒரு வருஷம், ரெண்டு வருஷம். நீ என்னடான்னா பனியை ஏத்திட்டே போற." மார்லிஸின் குரல் முதல்முறையாக உடைந்தது. "வண்டி நகராததுக்கா டிக்கெட் வாங்கினேன்? ஊருக்கெல்லாம் கதை சொல்றவன் எனக்கு ஒரு நிஜத்தைச் சொல்ல மாட்டேங்கறானேன்னுதான்யா வாங்கினேன்."

கஸ் மூக்கைச் சிந்தினார். டாட்டி குரோஷாவில் ஒரு கண்ணி தவறவிட்டார்.

பாஸ்டர் தொண்டையைச் செருமினார். "நானும் ஒண்ணு சொல்லிடறேன். டிம்பிள்ஸ்டன் வளையம்னா என்னன்னு எனக்குத் தெரியாது. மச்சானும் கிடையாது."

"எனக்கும் தெரியாது" என்றார் கஸ்.

"எனக்குத் தெரியும்" என்றார் டாட்டி, குஞ்சத்தைத் தடவியபடி. அவரிடம் யாரும் வாதாடவில்லை.

சனிக்கிழமை காலையில் பூங்கா முழுக்க வேடிக்கை பார்க்க நாற்காலி போட்டுவிட்டது. டிரெய்லரோடு டிரக்கைச் சேர்க்கும் வேளையில்தான் இங்கே பல கல்யாணங்கள் ஆட்டம் காணும். ஓட்டுகிறவர் உள்ளே, சைகை காட்டுகிறவர் வெளியே, வசவு நடுவில். மார்லிஸ் டிரக்கில் ஏறினார். ஆர்விட் பின்னால் நின்று இரண்டு கையையும் காற்றாடிபோல் சுற்றினார். இடது கை வலது என்றது, வலது கை நில் என்றது. மார்லிஸ் அவரைப் பார்க்கவே இல்லை. ஒரே மூச்சில் பின்னால் வந்து, கிண்ணத்துக்கு நேர் கீழே குண்டைக் கொண்டு நிறுத்தினார். கஸ் எழுந்து நின்று கைதட்டினார்.

"நான் சரியா சைகை காட்டினேன் இல்ல?" என்றார் ஆர்விட்.

"பிரமாதம்" என்றார் மார்லிஸ். பஸ் டிக்கெட்டை எடுத்து, தன் தலைக்கு மேலே இருந்த வெயில் மறைப்பில் செருகினார்.

ஆர்விட்டுக்கு முகம் வெளிறியது. "அது இன்னும் எதுக்கும்மா?"

"அது இப்ப உனக்கு. வழியில மலைக் கதையோ டயர் பாடமோ ஆரம்பிச்சேன்னு வை, பக்கத்து ஊர் பஸ் ஸ்டாண்டுல இறக்கி விட்டுடுவேன். ஏறு."

ஆர்விட் ஓடிப்போய் ஏறினார். டாட்டி பின்னிய ஆரஞ்சு வளையம் இப்போது டிரக்கின் கண்ணாடியில் தொங்கி ஆடியது. டிரெய்லர் ஆறு வருஷத்துப் பள்ளத்தைவிட்டு ஒரு குலுக்கலோடு எழுந்து, கொஞ்சமும் வாலாட்டாமல் வாசலைத் தாண்டிப் போனது. அது நின்ற இடத்தில் பல்லிகள் இரண்டு ஒன்றும் புரியாமல் நின்றன. அன்று சாயங்காலம் வட்டத்தில் யாருக்கும் பேச எதுவும் இருக்கவில்லை. பாஸ்டர் கொஞ்ச நேரம் டயரைப் பற்றிப் பேசிப் பார்த்தார், எடுபடவில்லை.

மறுநாள் காபி நேரத்தில் என் போன் அடித்தது. ஆர்விட். கிசுகிசுப்பாகப் பேசினார்.

"டுவேன், யூட்டாவுல ஒரு கேம்ப்ல இருக்கோம். பக்கத்து இடத்துல ஒரு கனடாக்காரன். அவன் வண்டி வாலாட்டுதாம். பாவம், ஒண்ணும் தெரியாதவன். ஒருவேளை அவனுக்கு டிம்பிள்ஸ்டன் வளையம்..."

"ஆர்விட்!" பின்னாலிருந்து மார்லிஸின் குரல், நிதானமாக. "டிக்கெட்டை எடுக்கவா?"

போன் வைக்கப்பட்டது.

"என்னவாம்?" என்றார் மேடம், மிளகாயை உரித்தபடி.

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களாம்" என்றேன். பிறகு, யாருக்கும் தெரியாமல், எங்கள் டிரெய்லரின் சக்கரத்தருகே அந்த வளையம் இருக்கிறதா என்று குனிந்து ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.